மாவுப் புழுவும் மண்டிச் சட்டையும்

என் பிழைப்பே வண்டைக் கொல்வதுதான். ஆம்பூரில் பச்சைத் தோலை வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, தோல் பதனிடும் டேனரிகளுக்கு அனுப்புகிற ஒரு மண்டியில் இருபது வருஷமாக மேஸ்திரியாக இருக்கிறேன். சரக்கு தேங்கினால் தோலில் வண்டு வைக்கும். அதன் புழு ஓட்டை போட்டுவிட்டால் அந்தத் தோலை யாரும் சீந்த மாட்டார்கள். வண்டு தலைகாட்டுவதற்கு முன்பே மோப்பம் பிடித்து மருந்து அடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே நாலு பேரிடம் பீற்றிக்கொள்வேன். அப்படிப்பட்டவன் வீட்டுச் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், போன வருஷம், வண்டும் புழுவுமாக நான்கு டப்பாக்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

எல்லாம் என் மகள் இழுத்துவிட்ட வேலை. பிளஸ் ஒன் படிக்கும்போது சிநேகிதி ஒருத்தியிடமிருந்து ஒரு பல்லியை வாங்கி வந்தாள். சுவர்ப் பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட ஜாதி, லெப்பர்ட் கெக்கோ என்கிறார்கள். சுவர் ஏறத் தெரியாது, ஆனால் கண்ணைச் சிமிட்டும். வீட்டுக்குள் இருக்கிற பல்லி போதாதென்று கண்ணாடிப் பெட்டி வைத்து வேறு வளர்க்க வேண்டுமா என்று இரண்டு நாள் கத்தினேன். மூன்றாம் நாள் அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. அதற்குப் பிறகு நான் கத்தவில்லை.

அது செத்த பூச்சியைத் தொடாது. நெளிந்தால்தான் அதற்குச் சாப்பாடு. அதனால் மகள் மீல் வார்ம் என்கிற மாவுப் புழுவை வீட்டிலேயே வளர்த்தாள். கோதுமைத் தவிட்டில் விட்டு, ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு போட்டால் போதும். புழு கூட்டுப்புழுவாகும், அது வண்டாகும், வண்டு முட்டையிடும், மறுபடியும் புழு வரும். அவள் வீட்டில் இருந்தவரை நான் அந்த டப்பாக்களைத் தொட்டதில்லை.

பிறகு மகளுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. விடுதியில் பல்லிக்கு இடமில்லை. கிளம்புகிற அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்.

“அப்பா, அம்மாவுக்குப் புழுன்னாலே ஆவாது. உன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அது வாலப் பாத்துக்கினே இரு. வால் குண்டா இருந்தா நல்லா துன்னுதுன்னு அர்த்தம். எளைச்சா எனக்கு ஒடனே சொல்லணும்.”

“போம்மா. வண்டப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா” என்றேன்.

அவள் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, புழுக்கள் சாக ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கை நிறைய. கறுத்துச் சுருண்டு கிடந்தன. வண்டுகளும் மல்லாந்து கிடந்தன. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். காரணம் தெரியாவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

என் மனைவி ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். காலிஃபிளவரைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுப்பாள். அவ்வளவு பயம் புழு என்றால். அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“கொசுவத்திய அங்க வெச்சியா? ஃபினாயில் ஊத்தினியா? புழு புடிக்கலன்னா வாயால சொல்லித் தொலை. அதுக்கு எதுக்குடி சாவடிக்கிற?”

“நான் அந்தப் பக்கமே போவலீங்க” என்றாள்.

நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குள் பல்லியின் வால் இளைக்க ஆரம்பித்துவிட்டது. கட்டை விரல் தடிமனில் இருந்தது பென்சில் மாதிரி ஆனது. பஸ் ஏறிச் சத்துவாச்சாரியில் மீனும் கிளியும் விற்கிற கடைக்குப் போனேன். காய்ந்த புழுதான் டப்பாவில் இருந்தது. வாங்கி வந்து முன்னால் போட்டேன். பல்லி அதை மிதித்துக்கொண்டு போய்த் தன் பொந்துக்குள் படுத்துக்கொண்டது. வீடியோ காலில் மகள், “வாலக் காட்டுப்பா” என்றாள். நான் தலையை மட்டும் காட்டி, நெட் சரியில்லை என்று போனை வைத்தேன். பெற்ற பெண்ணிடம் பல்லி வாலுக்காகப் பொய் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழுதாள். திட்டியிருந்தால் தேவலை. புழு வளர்க்கிற ஒருவரைச் சென்னையில் பிடித்து, இந்த வழியாக ரயிலில் போகிற ஒரு சிநேகிதியின் அண்ணனிடம் ஒரு டப்பா கொடுத்து அனுப்ப வைத்தாள். ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் அதை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்கே நாள். அந்தப் புழுக்களும் கறுக்க ஆரம்பித்தன.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். கம்பெனி கோட்டைக்கூட அவள் கழற்றவில்லை.

“எங்க லைன்ல ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனா யாரும் கத்த மாட்டாங்க” என்றாள். “அது யார் யார் கை வழியா வந்துச்சுன்னு ஒண்ணொண்ணா பின்னால போவாங்க. தைச்ச கை, ஒட்டுன கை, வெட்டுன கை. நடுவுல எங்கனா தப்பு மாட்டும். இந்த டப்பாவுல என் கை படவேயில்ல. உங்க கை மட்டுந்தான் பட்டிருக்குது.”

“அப்ப நான்தான் சாவடிச்சேன்னு சொல்றியா?”

“நான் ஒண்ணும் சொல்லல. பாத்துர்லாம்னு சொல்றேன்.”

புதுத் தவிடு வாங்கி வந்தாள். இரண்டு புது டப்பாக்களில் கொட்டினாள். உயிரோடு இருந்த புழுக்களைப் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும். ஸ்பூனால் எடுத்துப் பார்த்தாள், புழு வழுக்கி விழுந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, விரலாலேயே எடுத்தாள். கை முழுக்க மயிர் கூச்செறிந்து நின்றதை நான் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து முடித்து, ஒரு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இத நீங்க தொடாதீங்க. அது உங்குளுது. எப்பவும் போல பாருங்க.”

எப்பவும் போல என்றால், மண்டியிலிருந்து வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கை வரை தவிட்டுக்குள் விட்டு அலசிப் பார்ப்பது. அப்படியே செய்தேன். இதிலும் நான் ஜெயிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த நாட்களில் அவள் டப்பாவிலிருந்து நாள் விட்டு ஒரு நாள் பல்லிக்கு இரண்டு புழு மட்டும் போட்டாள். அதற்கு மேல் கொடுக்கக் கையிருப்பு இல்லை. அந்த இரண்டில்தான் அதன் உயிர் நின்றது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் இரண்டு மூடிகளையும் திறந்தோம். என் டப்பாவில் ஒன்றுகூட அசையவில்லை. அவள் டப்பாவில் எல்லாம் நெளிந்தன. இரண்டு புழு கூட்டுப்புழுவாகவே மாறியிருந்தது. உன் பக்கம் நல்ல புழுவாக வந்திருக்கும் என்று அப்போதும் சொன்னேன், வாய்க் கொழுப்பு. அவள் என் கையைப் பிடித்து இழுத்துச் சட்டை மடிப்பை முகர்ந்து பார்த்தாள்.

“மருந்து அடிக்கிற பம்பு ஒழுவுதா?” என்று கேட்டாள்.

ஒழுகும். பக்ரீத்துக்கு வந்து குவிந்த தோல் அந்த வருஷம் விலை போகாமல் தேங்கி நின்றதால் தினமும் மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். பம்பின் மூக்கிலிருந்து கசிந்து மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடும். மண்டிக் குழாயில் உள்ளங்கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துவிடுவேன். சட்டை அதே சட்டை.

“வண்டு சாவறதுக்குன்னே அடிக்கிற மருந்து” என்றாள். “இங்க சாவாம இன்னா பண்ணும்?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது வருஷம் வண்டைக் கொன்றவனுக்கு, வீட்டில் வண்டு ஏன் சாகிறது என்று தெரியவில்லை. உன்னைப் போய்த் திட்டினேனே என்று ஆரம்பித்தேன். “அது இருக்கட்டும், மொதல்ல அதுக்குத் துன்னக் குடுக்கணும்” என்று எழுந்துபோனாள். பல்லிப் பெட்டிக்குள் ஒரு புழுவை விரலில் பிடித்துக் காட்டினாள். அது பொந்திலிருந்து தலையை நீட்டியது, வால் நுனியை ஆட்டியது, லபக்கென்று கவ்வியது. அன்று நான்கு தின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

தீபாவளிக்கு மகள் வந்தபோது வால் மறுபடியும் குண்டாகியிருந்தது. புழு செத்த கதையை அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பல்லி பிழைத்தது அம்மாவால்தான் என்று சொன்னேன். அம்மாவா புழுவைத் தொட்டாள் என்று அவள் நம்பவே இல்லை. இப்போது டப்பாக்கள் முழுக்க என் மனைவியின் பொறுப்பு. நான் மண்டியில் கையுறை போடுகிறேன், சட்டை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அவள் கண்டுபிடித்திருக்காவிட்டால் அந்தச் சட்டையோடு இன்னும் எத்தனை வருஷம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேனோ. கடவுளுக்கு முன்னால் அவளுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் அந்த ஐந்தாம் நாளுக்கு அடுத்த காலை நடந்ததை மகளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு முன்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கெட்டில் என் மண்டிச் சட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு கைகளையும் உள்ளே விட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன மாதிரியே நான் மனசுக்குள் ஒவ்வொரு கையாகப் போனேன். பம்பிலிருந்து என் கை, என் கையிலிருந்து சட்டை, சட்டையிலிருந்து இந்தக் கை. அவள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கம்பெனியில் ஒட்டுகிற சொல்யூஷன் பட்டிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, எதனால் என்று அவளை ஒரு நாளும் கேட்டதில்லை.

ஓடிப்போய்ப் பக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். “விடு, இனிமே நீ இதத் தொடாத” என்றேன்.

அவள் சோப்பை விடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“கல்யாணம் ஆனதுலருந்து நான்தான் தொவைக்கிறேன்” என்றாள். “நாலு புழு செத்தப்பறந்தான் என் கை உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சோப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.