கட்டைவிரலை மடக்கிய தனக்கொடி

குருசுக்குப்பத்துத் தனக்கொடி ஜெயித்துக் காட்டியவை இவை. ஆண்கள் வார்டில் கட்டிலுக்கு ஒரு முக்காலி, நோயாளியோடு பேசுகிறவர் உட்கார்ந்து பேசுவதற்கு. வீராம்பட்டினத்துச் சாமிக்கண்ணுவின் வலது கால், முழுசாக. வார்டு நோட்டில் இரண்டு வரி அடிக்கப்பட்டது. 'வேலைக்காரப் பெண்கள் நோயாளிகளிடம் பேசக் கூடாது' என்று சுவரில் தொங்கிய பலகை இறங்கி, விறகோடு விறகாகப் போனது. கடைசியாக, 1962-ல், துணை நர்சின் வெள்ளைப் புடவை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத, மீன்கூடைக்காரியின் மகள் வாங்கியவை இவ்வளவும். ஒன்றைக்கூட யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. எல்லாம் பிடுங்கி வாங்கியவை.

1956 ஜனவரியில் அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபோது வயது இருபத்திரண்டு. தரை துடைக்க வேண்டும், மலச்சட்டி எடுக்க வேண்டும், அறுவை அறைக்குப் போகிறவர்களுக்குத் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்த வேண்டும். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் தாண்டியிருந்தாலும் வார்டுக்குள் பேச்சு பிரெஞ்சுதான். டாக்டர் வெள்ளைக்காரர். வார்டை நடத்திய கன்னியாஸ்திரீயை எல்லோரும் மாசேர் என்றார்கள். அவருக்குத் தமிழ் புரியும், பேசத்தான் நேரமாகும். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே நின்றவர் குமாஸ்தா இராமதாஸ், வேலைக்காரப் பெண்களுக்கு 'முசியே'. டாக்டர் பத்து வார்த்தை சொன்னால் நோயாளிக்கு இரண்டு வார்த்தை கொடுப்பார். நோயாளி பத்து வார்த்தை அழுதால் டாக்டருக்கு ஒன்று கொடுப்பார்.

பேசக் கூடாது என்ற பலகை இருந்தது உண்மை. தனக்கொடிக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் இரண்டாவது நாளே கூட வேலை செய்த ஒருத்தி அவளுக்கு அதைச் சொல்லிவிட்டாள். தெரிந்துதான் பேசினாள்.

கடற்கரை ஆண்களிடம் "வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். உயிர் போனாலும் இல்லை என்பார்கள். தனக்கொடி அப்படிக் கேட்க மாட்டாள். "மாமா, நேத்து எந்தப் பக்கமா படுத்தீங்க?" என்பாள். இடப் பக்கமென்று பதில் வந்தால் வலப் பக்கத்தில் கோளாறு. தரையைத் துடைத்துக்கொண்டே அதை மாசேரின் காதில் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஜூலையில் சாமிக்கண்ணு வந்தார். வலைக்குள் கிடந்த திருக்கையின் முள் கெண்டைக்காலில் ஏறி எட்டு நாள் ஆகியிருந்தது. கால் தூண் மாதிரி வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நம்பர் கட்டில். கீறிச் சீழை எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும், அதற்கும் தாமதித்தால் ஆளே இருக்க மாட்டார் என்றார் டாக்டர். சாமிக்கண்ணு தலையை ஆட்டினார்.

பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி நகர்ந்து வாசற்படியை நெருங்கியதும் மனிதர் குதித்து இறங்கி, நொண்டி நொண்டித் தன் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். "வேணாங்கிறியா?" என்றார் இராமதாஸ். பதில் இல்லை. நோட்டில் பிரெஞ்சில் எழுதினார்: மறுத்தான். புதன்கிழமையும் அதே கதை, அதே வரி. இரண்டு முறை மறுத்தவரை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். வியாழன் பதினொரு மணிக்குப் பெயரை வெட்டுவதாக முடிவாயிற்று.

புதன்கிழமை மத்தியானம் தனக்கொடி ஈரத் துணியோடு ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாமிக்கண்ணுவின் மனைவி அன்னக்கிளி கால்மாட்டில் நின்றாள்.

"மாமா, கத்தின்னா பயமா?"

"ஏம்மா, சுறா வயித்தக் கிழிக்கிறவன் நானு. என்னப் பாத்தா பயந்தாங்கொள்ளியாட்டமா இருக்குது?"

"அப்ப ஏன் எறங்கி ஓடியாந்தீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"கேட்டுக் கேட்டு என் வாயிதான் வலிக்குது" என்றாள் அன்னக்கிளி. "நங்கூரக் கல்லுகூட அசைஞ்சி குடுக்கும். ஆடித் தேருக்கு வடம் புடிக்கணும், வடம் புடிக்கணும்னு மூணு மாசமா சொன்ன ஆளு. எதப் புடிச்சி இழுக்கப் போறாரோ."

தனக்கொடி மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்தும் போகவில்லை. துணியைப் பிழிந்தாள், கட்டில் காலைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். வெகுநேரம் கழித்து அவராகவே வாயைத் திறந்தார்.

"ஒங்கப்பா இருக்காரா?"

"இல்ல மாமா. அஞ்சி வருசம் ஆவுது."

"ஊட்டுலேருந்து எப்பிடி எடுத்தாங்க?"

"எல்லாரையும் போலத்தான்."

"அதில்ல. படிய மொதல்ல தாண்டினது தலையா, காலா?"

"காலு."

"ம்" என்றார் சாமிக்கண்ணு. கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பினார்.

அங்கே நாளைக்கான வண்டி நின்றது. தலைமாடு உள்பக்கம், கால்மாடு வெளிப்பக்கம். நிறுத்தியவள் தனக்கொடிதான். ஆறு மாதமாக அப்படித்தான் நிறுத்துகிறாள், அப்படித்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். புறப்படுகிற நேரத்தில் சாவை வாயால் சொல்லக் கூடாது என்பது கடலுக்குப் போகிறவர்களின் கட்டுப்பாடு. அதனால் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியவளுக்குத் தெரியவில்லை.

"அடிப்பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அன்னக்கிளி. "நீயும் குப்பத்துப் பொண்ணுதானடி! ஆறு மாசம் பினாயில மோந்தா எல்லாம் மறந்துபூடுமா?"

தனக்கொடிக்கு முகம் சுட்டது. துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் வண்டியைத் திருப்பினாள். தாழ்வாரம் குறுகல், வண்டி நீளம். முன்னும் பின்னும் ஏழெட்டு தரம் இழுத்துத்தான் திருப்ப முடிந்தது. சக்கரம் போட்ட சத்தத்தில் இராமதாஸ் ஓடி வந்தார்.

"ஏய், யார் திருப்பச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நாந்தான் திருப்பினேன்."

"அந்தாளு பதினோரு மணிக்கு ஊட்டுக்குப் போறான். ரெண்டு தரம் மறுத்தாச்சு."

"அவரு மறுக்கல முசியே. கேக்க வேண்டியத நீங்க கேக்கல."

"நீ தொடைப்பத்தப் புடிச்சா போதும்."

"புடிக்கிறேன். இவர உள்ள வுட்டுட்டு வந்து புடிக்கிறேன்."

சாமிக்கண்ணு தானாகவே எழுந்து வந்து வண்டியில் படுத்தார். தலை வாசலைப் பார்த்திருந்தது. கைகளை மார்பில் வைத்துக்கொண்டு, "தள்ளும்மா, காத்து நல்லா இருக்குது" என்றார். தாழ்வாரத்து முனையில் மாசேர் நின்றிருந்தார். தடுக்கவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் என்னவோ சொன்னார். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு மேசையைக் காட்டினார்.

கால் பிழைத்தது. ஆகஸ்டில் தேர் ஓடியபோது சாமிக்கண்ணு வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றார். அன்னக்கிளி அதற்கும் ஏதோ சொன்னாளாம்.

வண்டி திரும்பிய மூன்றாம் நாள் இராமதாஸ் மேசைமேல் ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் வைத்தார். காகிதம் பிரெஞ்சில் இருந்தது.

"கட்டைவெரல வையி."

"என்னா எழுதியிருக்குது?"

"நீ செஞ்ச தப்பு."

தனக்கொடி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நாலு விரலையும் அதன்மேல் மூடிக்கொண்டாள். "தமிழ்ல எழுதுங்க. நானே படிச்சப்புறம் வைக்கிறேன்."

"நீ என்னிக்குப் படிச்சி, என்னிக்கு வைக்கிறது?"

"அது வரைக்கும் காயிதத்த செல்லு அரிக்காம பாத்துக்கோங்க முசியே."

அவர் மாசேரைப் பார்த்தார். மாசேர் சற்று யோசித்து, "தமிழில் எழுதுங்கள்" என்றார். எழுதப்பட்ட காகிதம் மாசேரின் மேசை அறைக்குள் போனது. தனக்கொடி வார்டுக்குள் போகக் கூடாது, பின்கட்டில் சலவைத் துறையோடு நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அன்று சாயந்திரம் அண்ணன் பஞ்சநாதனும் அவளைக் கடிந்துகொண்டான். அவன் ஐந்தாவது வரை படித்தவன், மில் தொழிலாளி, தேதி தவறாமல் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவன். "நான் வந்து படிச்சிச் சொல்றேன், வெரல வச்சிட்டு வேலையக் காப்பாத்திக்க" என்றான்.

"நீ படிச்சா ஒனக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். அவன் குறித்து வைத்தவற்றில் இந்தக் கேள்வியும் உண்டு.

பின்கட்டுக்கு அழுக்குத் துணியோடு இன்னொன்றும் வரும், சிலேட்டு. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒன்று தொங்கும். மேலே பிரெஞ்சில் ஒரு வரி, கீழே தமிழில் நோயாளியின் பெயர். ஆள் வீட்டுக்குப் போனதும் சிலேட்டு கழுவ வரும். சட்டத்தில் கட்டில் நம்பர் செதுக்கியிருக்கும். நம்பர் தனக்கொடிக்குத் தெரியும், எந்தக் கட்டிலில் யார் கிடந்தார் என்பதும் தெரியும். ஆகவே கழுவுவதற்கு முன்னால் அதில் இருப்பது என்ன என்பதும் தெரியும். ஒன்பதாம் நம்பர் சிலேட்டு வந்த அன்று முழுக்க அவள் அதைக் கழுவவில்லை. சாமிக்கண்ணு. அடுத்து வந்தது மண்ணாங்கட்டி. இரண்டிலும் ஒரே மாதிரி சுழி போட்ட எழுத்து ஒன்று இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். ராஜாங்கம், தெய்வசிகாமணி, மாரியப்பன் என்று ஒவ்வொருவராகத் தங்கள் எழுத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். துவைக்கிற கல்லில் தண்ணீரால் எழுதுவாள், காய்வதற்குள் படிப்பாள்.

வார்டில் அவள் இல்லாதது தெரிந்தது. "அந்தப் பொண்ணு எங்க? எந்தப் பக்கம் படுத்தேன்னு கேக்குமே" என்று விசாரித்தவர்களை மாசேர் எண்ணிக்கொண்டு வந்தார். பதினேழு பேர்.

ஏழு மாதம் கழித்துத் தனக்கொடி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாசேரின் அறைக்குள் போனாள். "காயிதத்தக் குடுங்க" என்றாள். இராமதாஸ் சிரித்தார். அவள் எழுத்துக் கூட்டி, சத்தமாக, அவசரமில்லாமல் படித்தாள்.

"நான் நோயாளியிடம் பேசினேன். அது தவறு. இனிப் பேச மாட்டேன்."

இராமதாஸின் சிரிப்பு நின்றது.

"மொத வரி உண்மை மாசேர். அதுக்குக் கீழ எழுதித் தரேன். மத்த ரெண்டும் பொய்யி, அடிச்சிடுங்க. அடிச்ச கையோட வார்டு நோட்டுல அந்த 'மறுத்தான்' ரெண்டையும் அடிச்சிடுங்க. அவரு மறுக்கல."

மாசேர் நோட்டை எடுத்துவரச் சொன்னார். நாலு வரி அடிபட்டன, காகிதத்தில் இரண்டு, நோட்டில் இரண்டு. இராமதாஸ் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். தனக்கொடி அதை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கினாள். மிச்சமிருந்த ஒரே வரிக்குக் கீழே, 'நான் நோயாளியிடம் பேசினேன்' என்பதற்குக் கீழே, தன் பெயரை எழுதினாள்.

1957 பிப்ரவரி 11, திங்கட்கிழமை.