இரண்டாவது பெட்டி

ஸ்பிரிட் வாடை... அதற்கு நடுவே ஃபிளாஸ்கில் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு திரவம். அதில்தான் எங்கள் செல்கள் வளரும். காரைக்குடியில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்த நாட்களை நினைத்தால் இந்த இரண்டும்தான் முதலில் வந்து நிற்கின்றன.

கதிர்வீச்சு பட்டால் செல்லுக்குள் நச்சு மூலக்கூறுகள் கிளம்பும். அவற்றை அடக்கும் என்சைம்கள் நம் உடம்பிலேயே உண்டு. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று வாயில் நுழையாத பெயர் ஒன்றுக்கு. அதை உண்டாக்கும் ஜீனைக் கூடுதலாகச் செலுத்தினால் செல் பிழைக்குமா? அதுதான் எங்கள் ஆராய்ச்சி.

கதிர் மெஷின் மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தது. திங்கட்கிழமைதோறும் இரண்டு தெர்மாகோல் பெட்டிகளோடு வேனில் போவோம். ஒன்று மெஷினுக்குள் போகும். இரண்டாவது, அதே குலுக்கலில் கூடவே வந்து, வாசலில் காத்திருந்து திரும்பும். அதற்குப் பெயர் கன்ட்ரோல். அது இல்லாவிட்டால் செல் செத்தது கதிராலா, பயணத்தாலா என்று சொல்லவே முடியாது.

அந்த இரண்டாவது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் எங்கள் டிரைவர், புதுவயல் கருப்பையா அண்ணன். அவர் மனைவி வள்ளியக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். அதே ஆஸ்பத்திரியில்தான் கதிர் சிகிச்சை. அக்கா திங்கட்கிழமை எங்களோடு வேனில் வந்து, வாரம் முழுக்க மதுரையில் தன் தங்கை வீட்டில் தங்குவார்.

ஒருநாள் மேலூர் டீக்கடையில் அண்ணன் கேட்டார்.

"பொட்டிக்குள்ள அப்புடி என்னத்த மேடம் கொண்டுபோறீக?"

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

"கதிர் பட்டாலும் செல்லு சாகாமக் காப்பாத்துற வித்தைண்ணே. ஆன்ட்டிஆக்சிடன்ட்னு பேரு."

மூன்று வாரம் கழித்து, அதே டீக்கடை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க சொன்னதுதேன் மேடம். மெடிக்கல்ல பேரச் சொன்னேன், குடுத்துட்டாக. அன்னையிலருந்து ரெண்டு வேளையும் அவளுக்குக் குடுக்குறோம். டாக்டர்ட்டகூடச் சொல்லல."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் ஃபிளாஸ்கில் இருந்தவை புற்றுநோய் செல்கள்... ஆய்வகங்களில் அவற்றைத்தான் வளர்ப்பது வழக்கம். நாங்கள் அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவற்றைத்தான். நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் அந்த என்சைமுக்குத் தெரியாது. மாத்திரையும் அப்படியே, கதிர் கொல்ல வேண்டிய புற்றுநோய் செல்லைக் காப்பாற்றியிருந்தால்?

அன்றே அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போய், என் வாயால் வந்தது என்று நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, "சிகிச்சை முடியுற வரைக்கும் என்னைக் கேக்காம எதையும் குடுக்காதீங்க" என்றார்.

அடுத்த வருஷம் வள்ளியக்கா போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அண்ணன் என்னை வேப்பமரத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த மாத்திரையாலதேன் போயிட்டாளா மேடம்? நெசத்தச் சொல்லுங்க."

"தெரியலண்ணே..." என்றேன். அது சமாதானம் இல்லை, உண்மை. நோயே முற்றியிருந்திருக்கலாம்.



"ரெண்டு பொட்டி இருந்தாத்தேன் தெரியும்பீக. எனக்கு இருந்தது ஒருத்திதேன மேடம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு ஆன்ட்டிஆக்சிடன்ட் ஃபார்வர்டு வருகிறது. "நீதானே இதெல்லாம் படிச்சவ, நல்லதா?" என்று யாராவது கேட்கிறார்கள். அந்தக் காலத்து நானாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்...

இப்போது, "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.