அன்று ஆத்தா வரவில்லை

சாமி வந்ததுபோல் நடித்தேன். அந்த நடிப்பை நம்பி என் நாத்தனார் கவிதா மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கிறாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை.

முதன்முறை நான் நடிக்கவில்லை. நம்புங்கள்! கல்யாணமாகி மலேசியாவில் கிள்ளானுக்கு வந்த வருடம், கோயிலில் ஆடித் திருவிழா. உருமி முழங்கியது. புகை, கூட்டம், கூச்சல்... நெஞ்சு படபடத்து, கைகால் உதறி, நிற்க முடியாமல் ஆடினேன். "ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். மாமியார் என் காலில் விழுந்தார். அதுவரை அந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்டார்கள்? நான் மறுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் வாக்குச் சொன்னேன். ஆத்தாதான் என்று நானும் நம்பினேன்.

பிறகு அதே உதறல் ஆபீசிலும் வந்தது. போனில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் வேலை. நாள் முழுக்கக் காதில் இரைச்சல். கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று நடுங்குவேன். ஆத்தா கழிப்பறைக்குமா வருவாள்?

கூட வேலை செய்பவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு யின் யோகா வகுப்புக்கு இழுத்துப் போனாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நீளத் தலையணையைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கிக் கவிழ்ந்து, ஐந்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். மூச்சை மெல்ல விட வேண்டும். "போர்ஸ் பண்ணாதீங்க லா," என்பார் டீச்சர். சில மாதங்களில் உதறல் அடங்கியது. அடங்கிய பிறகுதான் புரிந்தது... இத்தனை வருடமும் எனக்கு வந்தது வெறும் பயம்!

இந்த ஆடியிலும் உருமி முழங்கியது. பழக்கத்தில் மூச்சை நீளமாக விட்டேன். உடம்பு அசையவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முன்னால் கவிதா நின்றாள். அவள் மார்பில் கட்டி. திங்கட்கிழமை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள் மருத்துவமனையில். "நான் போகணுமா ஆத்தா?" என்று அழுதாள்.

வெறும் மனுஷியாக அங்கே நிற்க எனக்குத் துணிவில்லை. வேண்டுமென்றே ஆடினேன். "ஒண்ணுமில்லடி, நான் இருக்கேன்," என்றேன். சீ! என்ன பிறவி நான்?

அவள் போகவில்லை. இரண்டு மாதமாகிறது. சனிக்கிழமைதோறும் நான் வகுப்புக்குப் போய்க் கவிழ்ந்து கிடக்கிறேன். உடம்பு அடங்கிவிடுகிறது. அதுவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். "எதுக்கும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடு கவிதா. எனக்குப் பயமா இருக்கு."

சிரித்தாள். "அதான் ஆத்தாவே சொல்லிட்டாளே! நீங்க ஏன் அண்ணி பயப்படுறீங்க?"

அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சரி... சாப்டியா?" என்று கேட்டேன்.