விளக்கு வைத்த பிறகு ஊசி கிடையாது

என் தாய்மாமனின் கல்யாணத்தை நான் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்றுதான் சொல்ல வேண்டும். மாமாவைப் பூந்தமல்லிக்குப் போகவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் திட்டம். அதற்குள் ஒரு கல்யாணமும் மாட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வயதில் கல்யாணம் என்றால் எனக்கு லட்டும் புதுப் பாவாடையும்தான்.

மாமா என் அம்மாவுக்கு நேர் இளைய தம்பி. பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டிலேயே இருந்தார். நைனாவும் சித்தப்பாக்களும் விடிந்ததும் கழனிக்கு இறங்கினால், மாமா மட்டும் காலில் சேறு படாமல் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பட்டணத்தில் யாரிடமோ எடுபிடியாக இருந்து தையல் மிஷின் ரிப்பேர் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைக்காரன் யுத்தத்தில் மும்முரமாக இருந்த காலம் அது. பட்டாளத்துக்குச் சட்டையும் கால்சராயும் தைக்கிற வேலை எங்கள் பக்கத்துத் தையற்காரர்கள் வரைக்கும் வந்துவிட்டது. ஊருக்கு ஒன்றிரண்டு மிஷின் கடகடத்தது. கடகடக்கிற மிஷின் என்றைக்காவது நின்றுதானே ஆக வேண்டும்? நின்றால் மாமாவைத் தேடுவார்கள். ஆனால் மாமா எங்கே இருப்பார் என்பது மாமாவுக்கே தெரியாது. அம்பத்தூருக்குப் போகிறேன் என்று கிளம்புவார். சாயங்காலம் வந்து, வெள்ளானூரில் கேழ்வரகுக் கூழ் பிரமாதம் என்பார்.

அவர் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. ரிப்பேர் முடிந்ததும் துணியில் தைத்துக் காட்ட மாட்டார். வீட்டுக்காரரிடம் ஒரு வெற்றிலை கேட்பார். நூல் கோக்காத ஊசிக்குக் கீழே அதை வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, காம்பிலிருந்து நுனி வரைக்கும் ஓட்டுவார். இலை கிழியாமல் நேர்வரிசையாகத் துளை விழுந்தால் மிஷின் சரியாகிவிட்டது என்று பொருள். அதோடு முடியாது. துளை போட்ட வெற்றிலையை மிஷினுக்கு உடையவர் அங்கேயே பாக்கு வைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். “மென்னு துப்புன பின்னாடி தகராறு கெடையாது” என்பார் மாமா. அவர் போன ஊர்களிலெல்லாம் இந்தச் சட்டத்துக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள். பல் போன கிழவர்கள்கூட இடித்துத் தரச்சொல்லிப் போட்டுக்கொண்டார்கள்.

நான் கூட வந்தால் காரியம் ஜெயம் என்று மாமாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. முதன்முதலில் அவர் தனியாகப் பார்த்த மிஷின் ஓடினபோது, கேரியரில் நான் உட்கார்ந்திருந்தேனாம். அதிலிருந்து முக்கியமான இடத்துக்கெல்லாம் என்னைத் தூக்கி வைத்துக்கொள்வார். ராசிக்காரி என்ற பட்டம் எனக்குச் சும்மா கிடைத்தது. அதை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கோவில்பதாகையில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். ராசிக்காரி இல்லாமலா? நானும் போனேன். பெரியவர்கள் கூடத்தில் மழையையும் மாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் மெதுவாக அடுக்களைக்குள் நுழைந்தேன். பட்டுப்புடவையில் நின்ற அக்கா என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள். செக்கச்செவேலென்று இருந்தது. எங்களுக்காக வைத்திருந்த தாம்பாளத்திலிருந்து முதல் வெற்றிலையை அவளே எடுத்துப் போட்டுவிட்டிருந்தாள். “யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?” என்று எனக்கும் பாதி இலையில் சர்க்கரை வைத்து மடித்து வாயில் திணித்தாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மாமாவுக்கும் பிடித்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது ஏரிக்கரை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஏற மறந்துவிட்டார்.

பெண்ணின் தகப்பனார் நைனாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “புள்ள நல்ல புள்ளதான். ஆனா இன்னிக்கு எங்க கீறான்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலியே. ஒரு கடையில போயி உக்காரச் சொல்லுங்க. அந்தக் கடைப் பேரைச் சொல்லிப் பொண்ணைக் குடுக்கறேன்.”

எங்கள் பக்கத்தில் பெயர்ப்பலகை மாட்டிய மிஷின் கடை பூந்தமல்லியில் ஒன்றுதான் இருந்தது. மாமா போய்க் கேட்டார். முதலாளி நல்ல மனிதர், ஆனால் சோதிக்காமல் சேர்க்கமாட்டார். பட்டாளத் துணி தைக்கிற ஒரு தையற்காரரின் மிஷின் கடையில் கிடந்தது. போடுகிற ஊசியையெல்லாம் படக் படக்கென்று ஒடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையற்காரர் வண்டி கொண்டுவருவார், அதற்குள் அதை ஓடவைத்துவிட்டால் சனிக்கிழமையிலிருந்து கடையில் உட்காரலாம் என்று சொல்லியனுப்பினார். கல்யாணம் ஆனால் கடைக்குப் பின்னாலேயே ஒரு ரூமும் தருவதாகச் சொன்னாராம்.

அந்த ரூம்தான் என்னைக் கெடுத்தது. “அங்கயே குடித்தனம் வச்சிக்கலாம், அலைச்சல் இல்ல” என்று அம்மா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா அங்கேயே இருந்துவிட்டால் என்னைக் கேரியரில் யார் ஏற்றுவார்கள்? அந்த அக்கா இங்கே வந்து இருக்கட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள்? வியாழக்கிழமை முழுக்க இதையே யோசித்தேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்று கோபம் கோபமாக வந்தது.

யுத்தத்தால் சீமையிலிருந்து மிஷின் ஊசி வருவது குறைந்திருந்தது. மாமாவிடம் இருந்தது மொத்தம் மூன்று. அவற்றை ஒரு மூக்குப்பொடி டப்பாவில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் மூன்றையும் எடுத்துவிட்டேன். வீட்டில் எங்கே ஒளித்தாலும் அம்மாவின் துடைப்பம் கண்டுபிடித்துவிடும். அதனால் என் பாவாடையின் கீழ்மடிப்பிலேயே வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டேன். ராசிக்காரி தயாரானாள்.

மத்தியானம் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கவிழ்த்து வைத்த ஒரு மரப்பெட்டியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்கள். மாமா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மிஷினைப் பிரித்தார். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி மாட்டுகிற தண்டு ஒரு மயிரிழை திரும்பிப் போயிருக்கிறது, அதனால்தான் ஊசி இறங்கும்போது தகட்டில் இடிக்கிறது என்று மாமா கண்டுபிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, “அட, ஆமா” என்றார். அந்த “அட, ஆமா”வைக் கேட்டதும் நான் பாவாடை மடிப்பை இழுத்துக் காலுக்கடியில் செருகிக்கொண்டேன்.

மாமா எல்லாவற்றையும் சேர்த்து முடுக்கி, எண்ணெய் விட்டு, துடைத்து நிமிர்ந்தபோது வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. தையற்காரர் எட்டிப் பார்த்தார். முதலாளியின் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து சாமி படத்துக்கு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். மாமா முதலாளியிடம் ஒரு வெற்றிலை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் பொடி டப்பாவைத் திறந்தார்.

எண்ணெய்த் துணியை உதறினார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு, “ஒரு ஊசி குடுங்க மொதலாளி, ஓட்டிக் காட்டிடறேன்” என்றார்.

முதலாளி கையை உதறினார். “வெளக்கு வச்சாச்சேப்பா! எங்கம்மா காலத்துலேர்ந்து வெளக்கு வச்சப்பறம் இந்தக் கடையில ஊசி குடுத்ததே இல்ல. அதுவும் வெள்ளிக்கெழம.”

“வெளிய எங்க மொதலாளி போவுது? இந்தோ, இதுலதான மாட்டப்போறேன்?”

“மிஷின் அவரோடது, கையி உன்னோடது. நீ வெளி ஆளு. கடை ஆளா இருந்தா நீயே டிராயரத் தொறந்து எடுத்துக்கலாம், அது குடுத்ததா ஆவாது.”

“அப்ப என்னக் கடை ஆளா சேத்துக்குங்க, எடுத்துக்கறேன்.”

“மிஷின் ஓடுனாத்தானப்பா சேத்துக்கறேன்னு சொன்னேன்?”

“ஊசி இருந்தாத்தான மொதலாளி ஓடும்?”

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் கை டிராயர் பக்கம் போகவில்லை. டிராயர் நிறைய ஊசி இருந்தது. ஒன்றுகூட வெளியே வருவதற்கு வழியில்லை. அவரும் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் கொடுக்கமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். மாமாவுக்கும் அது தெரியாததல்ல.

நான் மரப்பெட்டியின்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்ததில் பாவாடை மடிப்பிலிருந்த ஊசிகள் முழங்காலில் குத்தின. அசைந்தால் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுந்து போய்க் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் ஜெயித்துவிடுவேன் என்று அடுத்த கணம் தோன்றியது. பொறுத்துக்கொண்டேன்.

மாமா கடை முழுக்க ஒருமுறை கண்ணால் துழாவினார். அந்தப் பார்வை என்னிடம் வந்து, முகத்திலிருந்து இறங்கி, முழங்காலில் கொஞ்சம் நின்றது. பிறகு டப்பாவை மூடினார்.

“ஊட்ல மறந்துட்டு வந்துட்டேன் மொதலாளி” என்றார்.

“ஊசி இல்லாம வர்ற மிஷின்காரன நான் இன்னான்னு சொல்லிச் சேத்துக்கறது?” என்றார் முதலாளி. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. தையற்காரர் இதற்குமேல் காத்திருக்க முடியாது என்று மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முதலாளி கொடுத்த வெற்றிலையை மாமா அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு துளைகூட இல்லை.

பாதி வழியில் மாமா சைக்கிளை நிறுத்தி, “எறங்கு கண்ணு” என்றார். எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பாவாடை மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். மூன்று ஊசிகளும் முனையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அடிக்கப் போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு ஊசியாக உருவி, முனை துணிக்குள் போகும்படி திருப்பிச் செருகினார். முழங்காலில் இருந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தார். “இனிமே குத்தாது. ஏறு” என்றார்.

நான் ஓவென்று அழுதேன். “நீ அங்க போவாத மாமா” என்றேன்.

“எங்க போறது? அதான் எடமே இல்லாமப் பூட்டுதே” என்று சிரித்தபடி என்னைத் தூக்கிக் கேரியரில் வைத்தார்.

கடையிலேயே பார்த்துவிட்டாரா, இல்லை வழியில்தான் சந்தேகம் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால், நாலு பேர் முன்னால் இவள் திருடி என்று ஆகக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருப்பார். அதை நினைக்கிறபோதெல்லாம் இந்த வயதிலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் கூச்சமெல்லாம் இல்லை. மறுநாள் காலையில் ஊசிகளை டப்பாவில் திரும்ப வைத்துவிட்டு நிம்மதியாக விளையாடப் போனேன். மாமா வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கை மறதியால் நல்ல வேலையைக் கோட்டைவிட்டான் என்று அம்மா ஒரு மாதம் அவரைத் திட்டினாள். திட்டையெல்லாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பூந்தமல்லி முதலாளி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். கோவில்பதாகை அக்காவை அந்தத் தை மாதமே வெள்ளானூரில் ஒரு வசதியான வீட்டில் கொடுத்துவிட்டார்கள். மாமாவுக்கும் நாலைந்து வருஷம் கழித்துக் கல்யாணம் ஆயிற்று. அத்தை நல்லவள், எங்கள் வீட்டிலேயே இருந்தாள், நான் ஆசைப்பட்டபடியேதான் நடந்தது. ஆனால் நடுவில் ஒருநாள் வந்தது.

வெள்ளானூரிலிருந்து ஆள் வந்து, மிஷின் நின்றுவிட்டது, மிஷின்காரரை வரச்சொன்னார்கள் என்றான். ராசிக்காரியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மாமா போனார். போய்ப் பார்த்தால் அந்த அக்காவின் வீடு. மிஷின் அவள் தகப்பனார் கல்யாணச் சீராகக் கொடுத்தது, பூந்தமல்லிக் கடையில் வாங்கியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாமா குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார். அதிலும் ஊசி ஒடிந்திருந்தது. பொடி டப்பாவைத் திறந்து புது ஊசி ஒன்றை எடுத்து மாட்டினார். என் பாவாடையில் இருந்த மூன்றில் ஒன்றுதான் அது.

மாமியார்க்காரி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா ஒரு இலையை எடுத்து, வழக்கத்தைவிட மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றினார். காம்பிலிருந்து நுனி வரைக்கும் துளை நேராக விழுந்தது. அதை அக்காவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பாக்கை எடுக்கவில்லை. இலையை இரண்டாக மடித்து மிஷினின் சின்ன டிராயருக்குள் வைத்துச் சாத்தினாள். மென்று துப்பச் சொல்லி மாமாவும் கேட்கவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“அந்த அக்கா ஏன் மாமா வெத்தல போடல?” என்று வழியில் கேட்டேன்.

மாமா கொஞ்ச தூரம் மிதித்தார். “அவங்களுக்கு வெத்தலப் பழக்கம் கெடையாது கண்ணு” என்றார்.

அந்த அக்காவின் நாக்கு எப்படிச் சிவக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். பாவம், மாமாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று கேரியரில் உட்கார்ந்து வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.