முப்பது என்று அச்சிட்ட இருபத்தேழு

முப்பது என்று நான் அச்சடித்துக் கொடுத்தது முப்பது அல்ல. இருபத்தேழு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். மூன்று சென்டிமீட்டர்! இரண்டு விரல் அகலம்! இதற்கா ஒரு மனிதன் இப்படி நெஞ்சில் அடித்துக்கொள்வான் என்று கேட்பீர்கள். கேளுங்கள்... நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

செல்லூரில் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைப்பது என் பிழைப்பு. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி... அதற்கு நடுவே கவிதை என்று எதையாவது கிறுக்குவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடல். மதுரையில் கடல் இல்லை. அதனால்தானோ என்னவோ, இங்கே சிலருக்குக் கடல் பைத்தியம் முற்றிப்போயிருக்கிறது. ஒத்தக்கடைப் பாண்டியின் காரில் ஏறி, இராமநாதபுரத்தைத் தாண்டி ஒரு கரையில் போய் நின்று தூண்டில் வீசுவோம். விற்பதற்கு அல்ல. அந்த ஒரு இழுப்புக்காக. உள்ளங்கையில் கடல் வந்து தட்டுகிறதே, அதற்காக.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. வகுத்தவர் காதர் பாய், பழைய மதுரையில் அத்தர் கடை வைத்திருப்பவர். முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த விளமீனை உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும்.

"ஒரு தடவையாச்சும் முட்ட போடட்டும். அதுக்கப்பறம் நம்ம சட்டிக்கு வரட்டும்" என்பார்.

"பாய், உங்க அத்தர் வாசத்துக்கே பெரிய மீனெல்லாம் ஓடிருது. மாட்டுறதே சிறுசு. அதையும் விடச் சொன்னா எப்புடி?" என்பான் பாண்டி.

"விடு மாப்ள. பெருசாகி உன்னையத் தேடி வரும்."

அளக்க ஓர் இரும்பு டேப் வைத்திருந்தோம். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இற்றுப்போனது. நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "ஃப்ளெக்ஸ்லயே அடிச்சிருவோம் பாய். மீனை மேல படுக்க வச்சா அளவு தெரிஞ்சிரும்."

அது முகூர்த்த காலம். கடையில் மூச்சுவிட நேரமில்லை. யாருடைய அஞ்சலிப் பேனரிலோ மிஞ்சிய ஒரு பிட் கிடந்தது. நான் வரைந்த அளவுகோல் படம் அதைவிடக் கொஞ்சம் நீளம். எங்கள் தொழிலில் இது ஒரு பிரச்சினையே இல்லை! மாமன் மச்சான் முகங்களைச் சுருக்குவோம், பெயர்களைச் சுருக்குவோம், எல்லாரையும் இருக்கிற துணிக்குள் அடக்கிவிடுவோம். பழகிய விரல் கணினியில் சுருக்கும் பொத்தானை அப்படியே அழுத்தியது. படம் அடங்கியது. கோடும் எண்ணும் ஒன்றுபோலச் சுருங்கின. முகம் சுருங்கினால் முகம்தான்... அளவு சுருங்கினால் அது அளவா? அன்று நான் யோசிக்கவில்லை. அதுவரை அது வெறும் பிழை.

குற்றம் அதற்குப் பிறகுதான்.

அந்த ஃப்ளெக்ஸ் விரிப்பில் கிடத்திய முதல் பெரிய மீன் என்னுடையது. ஒரு பாறை மீன். அறுபத்திரண்டு காட்டியது! எங்கள் கூட்டத்தில் அதுவரை பெரிய பாறை காதர் பாய் பிடித்தது. பழைய டேப்பில் அறுபது. பாண்டி என்னைத் தூக்கிக்கொண்டு மணலில் ஆடினான். எனக்கே தெரியாமல் என் கடையிலேயே பேனர் அடித்து, தெருமுனையில் கட்டினான். 'கடலைக் கவிழ்த்த கவிஞரே!' என்று. ஊரார் முகங்களையெல்லாம் தெருவில் தொங்கவிட்டவனின் முகம், முதன்முறையாக ஒரு பேனரில்...

மறுநாள் அந்த விரிப்பைக் கழுவி, வெட்டும் மேசையில் காயப் போட்டேன். மேசை ஓரத்தில் இரும்பு ஸ்கேல் பதித்திருக்கும். விரிப்பின் முப்பது, ஸ்கேலின் இருபத்தேழில் நின்றது.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். என் பாறை ஐம்பத்தாறுகூட இல்லை. வெளியே பேனர் காற்றில் படபடத்தது. விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது... சுருட்டி வைத்தேன்.

அதன் பிறகு எத்தனை மீன்கள்! முப்பது என்று நாங்கள் நம்பி... இல்லை, அவர்கள் நம்பி, நான் நம்பாமல் பெட்டிக்குள் போட்டவை. அந்த மூன்று சென்டிமீட்டருக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஒரு மழைக்காலம் இருந்தது. ஒரு முட்டையிடல் இருந்தது. வரவேண்டிய ஒரு கூட்டமே இருந்தது. நான் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது... அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற கோடையில் ஒரு நாள், கரையில் மீன் வாங்கி விற்கும் செபஸ்தியம்மா எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தார்.

"ஏய்யா மதுரக்காரகளா, முட்ட போடாத குஞ்சையெல்லாம் அள்ளிட்டுப் போறீகளே! நீங்க வெளாட்டுக்குப் புடிக்கிறீக. நாளைக்கு எங்க வலைக்கு என்னய்யா வரும்?"

காதர் பாய் முகம் சிவந்துவிட்டது. விரிப்பை எடுத்து மணலில் விரித்தார். ஒவ்வொரு மீனாகப் படுக்கவைத்தார்.

"யம்மா, நல்லாப் பாருங்க. இதுல முப்பதுக்குக் கீழ ஒண்ணு இருந்தாலும், அல்லா மேல சத்தியமா நான் இனி தூண்டிலத் தொட மாட்டேன்!"

செபஸ்தியம்மா குனிந்து எண்ணைப் பார்த்தார். "என்னமோ போங்க" என்று நகர்ந்தார். காதர் பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்... நானும் சிரித்தேன்!

அந்தச் சிரிப்புதான் என்னைத் தின்றது. மீன்களுக்காக வராத தூக்கமின்மை ஒரு மனிதரின் சத்தியத்துக்காக வந்தது. அதுவும் வெட்கக்கேடுதான், இல்லையா?

புதன்கிழமை உச்சி வெயிலில் விரிப்பையும் ஓர் இரும்பு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். குப்பிகளை ஒதுக்கிவிட்டு மேசையில் விரித்தேன். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தேன். அவரே பார்த்துக்கொண்டார்.

"எப்பருந்து தெரியும்?"

"பேனர் கட்டுனதுக்கு மறுநாள்லருந்து, பாய்."

விரிப்பைச் சுருட்டி என் பக்கம் தள்ளினார். பிறகு, "அன்னைக்கு நான் சத்தியம் பண்ணப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீக?" என்றார்.

நான் ஸ்கேலை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, சரியான அளவைக் கெட்டியான பலகையில் அடித்து எடுத்துப் போனோம். காரில் பாண்டிதான் ஆரம்பித்தான். "அப்ப ஒம்ம பாறை குட்டிப் பாறையா கவிஞரே? பேனர இந்த வாரமே அவுத்து எங்க வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரை போடுறேன்!" சிரிக்க முயன்றேன். காதர் பாய் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

செபஸ்தியம்மாவிடம் நானே சொல்வதாகத்தான் போனேன். ஆனால் காதர் பாய் முந்திக்கொண்டார். "யம்மா, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. எங்க அளவு தப்பு. எல்லாம் சிறுசு."

"யாருய்யா தப்பா அடிச்சது?"

"எங்காளுகதான்" என்றார் அவர்.

நான் அங்கேதான் நின்றேன். 'நான்தான்' என்ற ஒரு சொல்! நாக்கு நுனிவரை வந்தது... அங்கேயே நின்றுவிட்டது. அதனால்தான் இப்போது உங்களிடம் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

செபஸ்தியம்மா கொஞ்ச நேரம் எங்களை முறைத்தார். பிறகு பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணு எனக்கும் குடுங்க. எங்க வீட்டாளும் சிறுசத்தான் அள்ளிட்டு வாராரு. நான் சொன்னா எங்க கேக்குறாரு? பலக சொன்னாக் கேப்பாருல்ல."

இப்போது அந்தக் கரையில் எங்கள் பலகைகள் சில நடமாடுகின்றன. திருநெல்வேலியிலிருந்து வருகிற கூட்டமும் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் கடையை விட்டு அனுப்புகிறேன். நம்புங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்களும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

காதர் பாய் தூண்டிலைத் தொடுவதில்லை. "தெரியாமச் செஞ்ச சத்தியம் பாய், விடுங்க" என்று ஒருமுறை கெஞ்சினேன். "தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்ச பெறகும் தொட்டா, அது என் தப்பாயிரும்ல?" என்றார். ஆனாலும் வாராவாரம் வருகிறார். பலகை அவர் கையில்.

போன ஞாயிறு பாண்டிக்கு ஒரு விளமீன் மாட்டியது. இருபத்தெட்டு. காதர் பாய் கையை நனைத்துக்கொண்டு அதை வாங்கினார். முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, தண்ணீருக்குள் அதை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றார். செவுள் அசைந்தது. வால் அவர் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தது. அடுத்த நொடி, மீன் இல்லை. வெறும் நீர்.

"போயிருச்சு மாப்ள!" என்று சிறுபிள்ளைபோலக் கத்தினார், பாண்டியைப் பார்த்து. அந்த இழுப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல, நனைந்த கையை விரித்து வைத்துக்கொண்டே கரையேறினார்.

நான் என் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். வீசவும் முடியவில்லை... கீழே வைக்கவும் முடியவில்லை.