கண்ணாடித் தண்டில் வெள்ளைக் கோடு

1. வேப்பெண்ணெய்

1984 பெப்ரவரி 6, திங்கட்கிழமை, காலை எட்டேகால். மடத்துவெளியில் சிவராசா அண்ணையின் மோட்டார் சைக்கிள் கராஜ் வாசலில் அந்த வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

நான் அப்போது பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை தள்ளிப்போனதால் அந்தக் கராஜில் தற்காலிகக் கிளாக் வேலை பார்த்தேன். பற்றுச்சீட்டு எழுதுவது, ஓடத் தகுதியானவையா என்ற அரசாங்கச் சோதனைக்குப் போகும் வண்டிகளின் பத்திரங்களைக் கொண்டுபோவது, கையெழுத்துச் சீராக இருந்ததால் நம்பர் பிளேற்றுகளுக்கு வெள்ளைப் பெயின்ற் தீட்டுவது ஆகியவை என் பொறுப்பு. வீட்டிலிருந்து அண்ணாவின் சைக்கிளில் வருவேன். சீற் அவருடைய உயரத்துக்கு ஏற்றபடி இருந்தது. கால்விரல் நுனிதான் பெடலில் படும். ஆவணியில் அண்ணா ஜேர்மனிக்குப் போனபிறகு அதை நான் இறக்கவில்லை.

வண்டியோடு வந்தவர்கள் இருவர். றோசலின் அக்கா, நெடுந்தீவு. அவருடைய கணவரின் தமையன் செபமாலை. வண்டி கணவருடையது. அவர் கப்பல் வேலைக்குப் போய் இரண்டு வருடம் கடந்திருந்தது. ஒன்றரை வருடமாக ஒரு சேதியும் இல்லை.

செபமாலை வளைத்துப் பேசவில்லை. "அண்ணை, நாளைக்குச் சோதினை. இந்தமுறை விழுந்தா சாமான் சாமானாக் கழட்டி விக்கிறது. வீட்டில கதைச்சு முடிச்சாச்சு. ஆள் பாத்தும் வைச்சிருக்கு."

றோசலின் அக்கா வண்டியின் சீற்றில் கைவைத்தபடி நின்றார். "விழாது அத்தான்."

சிவராசா அண்ணை ஏறி வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பிறேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை. பூவரச மரத்தில் காலை ஊன்றி நிறுத்தினார். பின்சில்லைக் கழற்றி பிறேக் ட்றம்மைத் திறந்தபோது கராஜ் முழுவதும் கசப்பு மணம் எழுந்தது.

"ஆர் இதுக்குள்ள வேப்பெண்ணெய் விட்டது?"

"நான்தான்," என்றார் றோசலின் அக்கா. "கடலால கொண்டுவாறது. உப்புத் தண்ணி அடிச்சாக் கறள் பிடிக்குமெண்டு எல்லா இடமும் விட்டனான்."

நெடுந்தீவில் பூட்டு, கதவுக் கீல், கிணற்றுக் கப்பி எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய்தான். அந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் அப்படித்தான் காப்பாற்றப்பட்டிருந்தது. ஒரு புள்ளி கறள்கூட இல்லை.

"பிள்ளை, எல்லா இடமும் எண்ணெய் குடிக்கும். பிறேக் மட்டும் குடிக்கக்கூடாது," என்று சிவராசா அண்ணை சிரித்தார். "குடிச்சா அது நிக்காது, என்னைப்போல."

சில்லை உரசி நிறுத்தும் பிறேக் சூ இரண்டையும் பெற்றோலில் கழுவி, வெயிலில் காயவைத்து, சாண்ட் பேப்பரால் உரஞ்சினார். பின்னேரம் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. ஹோண், செயின், பின்லைற் எல்லாம் சரி. பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடியின் மூட்டில் மட்டும் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. சிவராசா அண்ணை அதில் கைவைக்கப் போனபோது றோசலின் அக்கா தடுத்தார்.

"அதைத் தொடாதேங்கோ அண்ணை. அவர் போற அண்டு காலமை தன்ரை கையாலை திருப்பி வைச்சது."

"சோதிக்கிறவர் கேட்டாரெண்டால்?"

அவர் துணியின் முடிச்சை இன்னும் இறுக்கினார். சிவராசா அண்ணை அதைத் தொடவில்லை.

2. வானம்

மறுநாள், சோதனை நடக்கும் ஊர்காவற்றுறைக்கு செபமாலை வண்டியில் போனார். றோசலின் அக்காவும் நானும் பத்திரங்களோடு பஸ்ஸில் போனோம். நம்பர் பிளேற்றில் கல் பட்டுப் பெயின்ற் கழன்றால் திருத்துவதற்காக, சிறு பெயின்ற் ரின்னும் மெல்லிய தூரிகையும் என் பையில் எப்போதும் இருக்கும்.

பரிசோதகர் குறைவாகப் பேசுபவர். பிறேக்கைப் பார்த்தார்; தலையசைத்தார். லைற்றைப் பார்த்தார். பிறகு செபமாலையை ஏறி இருக்கச் சொன்னார்.

"கண்ணாடியில என்ன தெரியுது?"

செபமாலை கட்டையான மனிதர்; கண்ணாடியோ நெட்டையான தம்பியின் உயரத்துக்கு வைத்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார். "வானம் தெரியுது, ஐயா."

"பின்னால வாற பஸ் வானத்தாலயோ வரும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை. "திருப்பிப் போட்டுட்டுக் கூப்பிடுங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு நான் நிக்கமாட்டன்."

செபமாலை துணியை அவிழ்க்கக் கையெடுத்தார். "அத்தான், வேண்டாம்," என்றார் றோசலின் அக்கா.

"என்ன கதை இது? பிறேக்கிலை தப்பினது கண்ணாடியிலை விழவோ? எனக்கென்ன, விழட்டும். சாமானாப் போகட்டும்."

றோசலின் அக்காவுக்கு வண்டியும் வேண்டும், அந்தக் கோணமும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் அன்று அவருடன் நெடுந்தீவுக்குத் திரும்பமுடியும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் கராஜில் ஒரு முறை இருந்தது. எதைக் கழற்றினாலும், கழற்றுமுன் இரு பாகங்களுக்கும் குறுக்கே ஒரு கோடு இடவேண்டும். மீண்டும் பூட்டும்போது கோடு கோட்டோடு பொருந்தினால், பழைய இடம். நான் துணியை அவிழ்த்து, தண்டிலிருந்து மூட்டைக் கடந்து கண்ணாடியின் முதுகுவரை ஒரே வீச்சில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தேன்.

"அக்கா, இது காய்ஞ்சபிறகு திருப்புங்கோ. எப்ப வேணுமெண்டாலும் இந்தக் கோட்டைச் சேர்த்தால், அவர் வைச்ச இடம்."

அவர் கோட்டை நெடுநேரம் பார்த்தார். பெயின்ற் காய்ந்ததும் செபமாலையின் கையிலிருந்த, நட்டுக் கழற்றும் சாவியை வாங்கினார். "நானே திருப்புறன்."

நட்டை இளக்கிக் கண்ணாடியைத் திருப்பினார். கோடு இரண்டாகப் பிரிந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் சீற்றில் இருந்த செபமாலை. அவருடைய குரல் தணிந்திருந்தது. "இன்னும்... ஓம், இப்ப றோட்டுத் தெரியுது. ஓரத்திலை நீயும் தெரியிறாய்."

பரிசோதகர் மறுபடி வந்து பார்த்தார், கையொப்பமிட்டார்.

3. கோடு இருக்குத்தானே

குறிகாட்டுவான் துறையில் வண்டியை நெடுந்தீவு வள்ளத்தில் ஏற்றும்போது, நான் அந்த நட்டுச் சாவியை நீட்டினேன். "இனிப் பழைய இடத்திலை வைக்கலாம், அக்கா."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். வாங்கவில்லை. "இப்ப இருக்கட்டும், தங்கச்சி. கோடு இருக்குத்தானே."

வள்ளம் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும்வரை துறையில் நின்றேன். வேலைத்தலங்களில் நாம் கற்பவை பெரும்பாலும் கருவிகளைப் பற்றியவை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் புறப்படுமுன், அண்ணாவின் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தினேன். சீற்றின் தண்டு சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் தூரிகையால் ஒரு வெள்ளைக் கோடு இட்டுக் காயவைத்தேன். பிறகு நட்டை இளக்கி, சீற்றை என் உயரத்துக்கு இறக்கினேன். கோடு குழாய்க்குள் இறங்கி மறைந்தது. நட்டை இறுக்கி, ஏறி, முழுப் பாதமும் பெடலில் பதிய, மடத்துவெளிக்குப் போனேன்.