எழுதாமல் விட்ட நாற்பது நிமிடம்

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் தர்மிளாவுக்குக் கை நிற்காது. கூட்டுவாள், கழுவுவாள், திரைச்சீலை மாற்றுவாள். பரந்தன் சந்தியிலிருந்து உள்ளே போகிற அந்த வீட்டுத்திட்டத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்து வைத்த காரியத்தை நினைத்தால், சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மகள் மேனுகாவுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே தசைகளுக்கு வலுவில்லாத நோய். கழுத்தில் ஒரு குழாய், அதால்தான் மூச்சு. வயிற்றில் ஒரு குழாய், அதால்தான் சாப்பாடு. புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். கண்கள் மட்டும் யாரையும் கேட்காமல் வீடு முழுக்கச் சுற்றி வரும். இப்படியான பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற பெற்றோருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு கொடுப்பனவு கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. அதற்கு வீடு பார்க்கத்தான் அந்த நிறுவனத்தின் சுமித்திரா மிஸ் வந்தார்.

வந்தவர் என்ன கண்டார்? பளபளவென்று சீமெந்துத் தரை. கோயில் திருவிழாவுக்குத் தைத்த சட்டையில், பவுடர் பூசி, பொட்டும் வைத்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிற பிள்ளை. சளி உறிஞ்சுகிற மெசின் அலுமாரிக்குப் பின்னால், பழைய சேலைக்குள். சிரிஞ்சுகளும் குழாய்களும் கட்டிலுக்குக் கீழே. எல்லாம் ஒளித்தாயிற்று!

"நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள் அக்கா?"

"வேலை ஒண்டும் இல்லை மிஸ். சும்மா வீட்டிலைதான் இருக்கிறன்."

"பிள்ளையைப் பாக்க ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் போகும்?"

"பெத்த பிள்ளைக்குச் செய்யிறதை மணித்தியாலம் பாத்து ஆர் மிஸ் சொல்லுறது? சாப்பாடு குடுப்பன், உடுப்பு மாத்துவன். பாவம், அவள் ஒரு கரைச்சலும் தாறேல்லை."

சுமித்திரா படிவத்தில் தொழில் 'இல்லை' என்றும், நேரம் 'மூன்று மணித்தியாலம்' என்றும் எழுதினார். கொடுப்பனவுக்குக் குறைந்தது எட்டு வேண்டும்.

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற புருசன் பிரதீபனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவன் வீடு கட்டுகிற மேசன். இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்தபிறகு இடுப்பு பாரம் தூக்க விடுவதில்லை. கிழமையில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிய காரியம். வரும் முதலாம் திகதி தர்மிளா ஆடைத் தொழிற்சாலையில் சேர வேண்டும். மேனுகாவை வவுனியாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடவேண்டும். அதற்கென்று வாங்கிய நீலப் பை அலுமாரிக்கு மேல் இருக்கிறது. இருவருமே அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்தக் கொடுப்பனவு வந்தால் பிள்ளை வீட்டில் இருப்பாள். வராவிட்டால் பை இறங்கும்.

படலை வரைக்கும் மிஸ்ஸின் பின்னால் போனான். "அவள் பொய் சொல்லுறாள் மிஸ். அவளுக்கு நாள் முழுக்க வேலை."

"அப்ப நீங்கள் எழுதுங்கோ அண்ணை. ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலை இருந்து, அவா என்ன செய்யிறா எண்டு நேரத்தோடை கொப்பியிலை எழுதுங்கோ. வெள்ளிக்கிழமை திரும்ப வாறன். அதோடை கொடுப்பனவுப் பட்டியல் மூடிடும்."

வியாழக்கிழமை விடியப் பிரதீபன் கொப்பியும் பேனையுமாகக் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். ஏழு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவனுக்குத் தெரியாததா? தெரியவில்லை ஐயா, ஒரு மண்ணும் தெரியவில்லை!

ஆறு மணிக்குள் ஒரு பக்கம் முடிந்தது. கொதிநீர், குழாய் கழுவல், சளி எடுத்தல், நெஞ்சு தட்டல், புரட்டல், மருந்து நான்கு. ஏழு மணிக்கு அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று பாதித் தேங்காயைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கழுத்துக் குழாயில் சளி எடுத்தாள். கட்டிலிலிருந்து இரண்டு முழத்தில் இருந்த பிரதீபனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"உனக்கு எப்பிடியடி அங்கை கேட்டது?"

"மூச்சு மாறினதெல்லே. நீங்கள் எழுதுறதிலை இருந்திட்டியள்."

அவன் அதையும் நேரத்தோடு எழுதினான்.

பத்தே முக்காலுக்குச் சளி எடுக்கும்போதே கரண்ட் போனது. அவன் "ஐயோ" என்று எழும்புவதற்குள் அவள் சளி உறிஞ்சுகிற கால் பம்பை இழுத்து மிதிக்கத் தொடங்கிவிட்டாள். கால் மிதிக்கிறது, ஒரு கை குழாயை நடத்துகிறது, மற்றக் கை பிள்ளையின் தலையைப் பிடிக்கிறது, கண் உதட்டின் நிறத்தைப் பார்க்கிறது, வாயோ வடை தூக்கின காகத்தின் கதை சொல்கிறது. கதை கேட்டு மேனுகா சிரிக்கிறாள்! பிரதீபன் எழுத மறந்து வாய் பிளந்து இருந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் இந்தப் பிள்ளையை முறை மாறி மாறிப் பார்த்த தாதிமார் எத்தனை பேர் என்று அவன் எண்ணியிருக்கிறான். இங்கே ஒருத்தி. முறை மாற ஆளில்லை.

மத்தியானச் சாப்பாடு இருபத்தைந்து நிமிடம். சிரிஞ்சை உயரத்தில் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். கீழே பதித்தால் சாப்பாடு இறங்காது, உயர்த்தினால் பிள்ளைக்கு ஓங்காளம் வரும். கூரைத் தகட்டை ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்தாலே கை என்ன பாடுபடும் என்று மேசனுக்குத் தெரியும்.

"கை நோகேல்லையே?"

"நொந்தால் மற்றக் கை இருக்குத்தானே," என்று அவள் சிரித்தாள்.

இரண்டு மணி தாண்டியதும் கேட்டாள்: "இஞ்சருங்கோ, தலை முழுகி அஞ்சு நாளாச்சு. ஒருக்காக் கிணத்தடிக்குப் போட்டு வாறன். பாப்பியள்தானே?"

"போ போ. எனக்கும் ஆஸ்பத்திரியிலை பழக்கினவங்கள்தானே," என்றான் பெரிய ஆள் மாதிரி.

அவள் திரும்பி வந்தபோது, அவன் ஒரு கையில் குழாயும் மறு கையில் துவாயுமாக, மழையில் நனைந்தவன்போல வியர்த்து நின்றான். பேனை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அவள் ஈரத்தலையோடு வந்து வேலையை வாங்கிக்கொண்டாள். இரண்டு சொல் ஏசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அது அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சுமித்திரா கொப்பியை வாசித்தார். பதினெட்டுப் பக்கம். வாசிக்க வாசிக்க அவருடைய தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இரண்டு பத்திலையிருந்து இரண்டு ஐம்பது வரைக்கும் ஒண்டும் எழுதேல்லை. அந்த நாப்பது நிமிசம் அக்காவுக்கு ஓய்வோ?"

"ஓம் மிஸ்," என்று தர்மிளா முந்திக்கொண்டாள். "குளிக்கப் போனனான். அதைக் கழிச்சுப்போடுங்கோ."

"கழிக்காதேங்கோ!" பிரதீபன் எழும்பி நின்றான். "அந்த நேரம் நான்தான் பிள்ளையைப் பாத்தனான் மிஸ். பேனை பிடிக்க எனக்கு ஒரு கை மிஞ்சேல்லை."

மேனுகாவின் குழாயில் மூச்சு மட்டும் போய் வந்தது. சுமித்திரா படிவத்தை எடுத்தார். தொழில் என்ற இடத்தில் இருந்த 'இல்லை'யை வெட்டிவிட்டு 'பராமரிப்பாளர், முழுநேரம்' என்று எழுதினார்.

தர்மிளாவுக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப என்ர பிள்ளைக்கு நான் வேலைக்காறியோ மிஸ்?"

"நீங்கள் அம்மாதான் அக்கா. அதுக்கு ஆரும் சம்பளம் குடுக்கேலாது. இந்தப் பதினெட்டுப் பக்கத்துக்குத்தான் காசு."

பத்தாம் நாள் கடிதம் வந்தது. கொடுப்பனவு சரி. தர்மிளா கடிதத்தைப் பிள்ளையின் கன்னத்தோடு வைத்து விம்மி விம்மி அழுதாள். ஏழு வருடத்தில் அவள் அழுது பிரதீபன் கண்டது அன்றுதான். அவன் கதிரையில் ஏறி நீலப் பையை இறக்கினான்.

அவள் திடுக்கிட்டாள். "உதை ஏன் எடுக்கிறியள்?"

அவன் கட்டிலுக்குக் கீழே இருந்த சிரிஞ்சுகளையும் குழாய்களையும் ஒவ்வொன்றாக அதற்குள் அடுக்கினான். பிறகு கட்டில் தலைமாட்டில், வாசலால் வருகிற எவர் கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு ஆணி அடித்துப் பையை மாட்டினான்.

"இனி ஆர் வந்தாலும் ஒளிக்காதை," என்றான். "வாறவை பாக்கட்டும்."